கோடிங் எழுத எந்த எடிட்டர்? இலவசமே போதுமா, காசு கொடுக்கணுமா? முழு விவரம்!

காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர் பக்கம் கல்லூரியில் சேர்ந்து கோடிங் பழகும் மாணவர்களுக்கு முதலில் வரும் குழப்பம், 'எந்த எடிட்டர் போடுவது?' என்பதுதான். சீனியர் ஒன்று சொல்வார், யூடியூபில் வேறொன்று சொல்வார்கள். நடுவில் ஒருத்தர் பென் டிரைவில் 'கிராக்' வெர்ஷனை நீட்டுவார். எதை எடுக்கலாம்? பார்ப்போம்.

டெக்ஸ்ட் எடிட்டர் என்றால் என்ன?

புரோகிராமை எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருள். கட்டளைகளை நிறம் பிரித்துக் காட்டும், பல ஃபைல்களில் ஒரே நேரத்தில் தேடித் தரும்.

இலவசமாகக் கிடைப்பவை

விஎஸ் கோட்: 2015-ல் மைக்ரோசாஃப்ட் அறிமுகம் செய்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எக்ஸ்டென்ஷன்கள் ஏராளம். ஆனால் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் திணறலாம்.

நோட்பேட் பிளஸ் பிளஸ்: 2003 முதல் இருக்கிறது. ரொம்ப லேசானது. விண்டோஸுக்கு மட்டும்.

விம்: 1991-ல் வெளியானது. மவுஸே தேவையில்லை. பழக நாளாகும், லினக்ஸ் சர்வரில் வேலை பார்க்கும்போது கைகொடுக்கும்.

காசு கேட்பவை

சப்லைம் டெக்ஸ்ட்: வேகம்தான் இதன் பலம். தனிநபர் லைசென்ஸ் 99 டாலர், அதாவது 8,000 ரூபாய்க்கு மேல். 3 ஆண்டுகளுக்கு அப்டேட் உண்டு. வாங்கும் முன் பயன்படுத்திப் பார்க்கலாம். தொடர்ந்து பயன்படுத்த லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பது விதி.

வெப்ஸ்டார்ம்: எடிட்டரோடு பிழை கண்டுபிடிக்கும் வசதிகளும் சேர்ந்தே வரும். 2024 அக்டோபர் முதல் வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம்.

இங்கேதான் கவனம் தேவை!

உதாரணமாக, மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்துக் காசு வாங்குகிறீர்கள். அது வணிகப் பயன்பாடு. அதற்கு வெப்ஸ்டார்மின் இலவச லைசென்ஸ் செல்லாது. விஎஸ் கோட், நோட்பேட் பிளஸ் பிளஸ், விம் மூன்றிலும் இந்தத் தடை கிடையாது.

இலவச எடிட்டரை நிறுத்திவிட்டால்?

நடந்திருக்கிறது. கிட்ஹப் நிறுவனத்தின் 'ஆட்டம்' எடிட்டர் 2022 டிசம்பர் 15-ல் நிறுத்தப்பட்டது. ஆனால் நீங்கள் எழுதிய கோடு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். எந்த எடிட்டரிலும் திறக்கும். பயம் வேண்டாம்.

கிராக் வெர்ஷன் வேண்டவே வேண்டாம்

லைசென்ஸ் மீறல் ஒரு பக்கம். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் வைரஸ், உங்கள் பாஸ்வேர்டுகளையும் புராஜெக்டையும் திருடிவிடலாம். இவ்வளவு நல்ல எடிட்டர்கள் இலவசமாகவே இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

சரி, எதைப் போடலாம்?

புதிதாகத் தொடங்கினால் விஎஸ் கோட். லேப்டாப் பழசு என்றால் நோட்பேட் பிளஸ் பிளஸ். வேலையில் வேகம் தேவைப்பட்டு, கையில் வருமானமும் வந்தபிறகு சப்லைமை யோசிக்கலாம். எதுவானாலும் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இருந்து மட்டுமே டவுன்லோடு செய்யுங்கள்.