பெரிய டயர் போட்டா எது உடையும்?

இன்னைக்கு எபிசோடை ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட தொடங்குறேன். போன மாசம் நான் ஒரு மோட்டாரைக் கொன்னுட்டேன்.

சம்பவம் நடந்தது எங்க வீட்டு மொட்டை மாடியில. செகண்ட் ஹேண்டில் வாங்கின ஒரு ஆர்.சி. டிரக். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு, ரிமோட்டில் ஓடும், மண்ணு கல்லு எல்லாத்துலயும் ஏறும். ரெண்டு மாசம் காசு சேர்த்து வாங்கினது. அதோட டயர் 120 மில்லிமீட்டர் உயரம். எனக்கு அது பத்தலை. 150 மில்லிமீட்டர் டயரும் அதுக்கான ரிம்மும் வாங்கி மாட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, வண்டி கெத்தா இருந்தது. அக்கா பையன் கையில ரிமோட்டைக் கொடுத்தேன். செடித் தொட்டிக்குன்னு கொட்டி வெச்சிருந்த மணல் மேட்டுல அவன் ஏத்தி இறக்கிக்கிட்டே இருந்தான். கொஞ்ச நேரத்துல, "மாமா, பொகை வருது!"

நாலு நட்டைக் கழட்டி நாலு டயரை மாத்தினதுக்கு மோட்டார் ஏன் எரியணும்? இந்தக் கேள்வியைத் துரத்திக்கிட்டுப் போனா, ரிமோட் வண்டியை விட்டுட்டு 1970-களின் அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கு. அங்கே ஒருத்தர் இதையே நிஜ டிரக்கில் செஞ்சு, எதையாவது உடைச்சுக்கிட்டே இருந்தார்.

பேரு பாப் சாண்ட்லர். மிசௌரி மாநிலத்துல செயின்ட் லூயிஸ் பக்கத்துல கட்டடத் தொழிலில் இருந்தவர். 1974-ல் ஒரு ஃபோர்ட் எஃப்-250 பிக்கப் வாங்கினார். வார இறுதியில் காட்டுப் பாதையில் ஓட்டுவார், ஏதாவது உடையும். அந்தப் பகுதியில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு உதிரி பாகம் கிடைக்கிறது கஷ்டம்னு, மனைவியோடயும் ஒரு நண்பரோடயும் சேர்ந்து தானே ஒரு கடை போட்டுட்டார். கடைக்கு விளம்பரம் அந்த டிரக்தான். அதுக்குப் பெரிய டயர் போட்டார். பெரிய டயரைச் சுத்த பெரிய எஞ்சின் வேணும். எஞ்சின் பெருசானா ஆக்ஸில் தாங்காது. ராணுவ டிரக்கோட ஆக்ஸிலைக் கொண்டுவந்து மாட்டினார். இப்போ ஆக்ஸில் பலமாயிடுச்சு இல்லையா, அப்போ இன்னும் பெரிய டயர் போடலாமே!

இவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற மிதியில்தான் எல்லாம் உடையுதுன்னு கடை மேனேஜர் கிண்டல் பண்ணுவாராம். உன்னோட பெரிய பாதம்தான் காரணம்னு. அந்தக் கிண்டல்தான் வண்டிக்குப் பேரா நின்னுச்சு: பிக்ஃபுட். மான்ஸ்டர் டிரக்னு இன்னைக்கு நாம சொல்ற மொத்த வகையறாவுக்கும் இதுதான் தாத்தா.

1981-ல் ஒரு வயலில் ரெண்டு பழைய கார்களை நிறுத்தி, அதுங்க மேல பிக்ஃபுட்டை ஏத்தி நசுக்கி வீடியோ எடுத்தாங்க. அப்போ டயர் உயரம் 48 இன்ச். அடுத்து வந்த பிக்ஃபுட் 2-ல் அது 66 இன்ச் ஆச்சு. அதாவது அஞ்சரை அடி. பக்கத்துல நின்னா டயர் என் கண்ணுக்கு நேரா இருக்கும். இவ்வளவு பெரிய டயரை பிக்கப்புக்குன்னு யாரும் செய்யலை. அது வயலில் உரம் தெளிக்கிற ராட்சத வண்டியோட டயர். ஈர மண்ணுல புதையாம இருக்க, எடையை அகலமாப் பரப்புறதுக்காகச் செஞ்சது. விவசாயத்துக்கு வந்த பொருளைத் தூக்கி வேடிக்கைக்கு மாட்டினாங்க. அதுவும் அப்படியே மாட்ட முடியாது. டயர் பயங்கர எடை. பின்னாடி வந்த போட்டி டிரக்குகள்ல அந்த ரப்பர் பட்டைகளைக் கையாலேயே செதுக்கி எடை குறைச்சாங்க, இன்னும் குறைக்கிறாங்க.

இதெல்லாம் ஜப்பானில் ஷிசுவோகாவில் இருக்கிற டமியா கம்பெனிக்குச் சும்மா விட முடியுமா? 1986-ல் பிளாக்ஃபுட்னு ஒரு ஆர்.சி. டிரக் விட்டாங்க. ஃபோர்ட் பிக்கப் உடம்பு, கொழுத்த டயர். பேரைப் பார்த்தாலே யாரோட பிள்ளைன்னு தெரியும். 1987-ல் வந்தது கிளாட் பஸ்டர். எனக்கு இந்த வண்டி மேல தனி மரியாதை உண்டு. டயர் உயரம் ஏறக்குறைய 165 மில்லிமீட்டர். 66 இன்ச்சைப் பத்தால வகுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட அதேதான் வரும். ரப்பரில் டிராக்டர் டயர் மாதிரி சாய்வுப் பட்டைகூட இருக்கும். இதைவிட முக்கியம், அந்த டயரைச் சுத்த ஒரு மோட்டார் போதாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. முன் ஆக்ஸிலில் ஒண்ணு, பின் ஆக்ஸிலில் ஒண்ணுன்னு ரெண்டு மோட்டார், ரெண்டு கியர்பாக்ஸ். டயரை முடிவு பண்ணிட்டு அதைச் சுத்தி வண்டியைக் கட்டியிருக்காங்கன்னுதான் எனக்குத் தோணுது.

நான் செஞ்சது இதுக்கு நேர் தலைகீழ். கணக்கைப் பாருங்க. 120 மில்லிமீட்டர் டயர் ஒரு சுத்து சுத்தினா வண்டி சுமார் 377 மில்லிமீட்டர் நகரும். 150 போட்டா 471. கால் பங்கு அதிகம். வேகம் கூடுதுன்னு சந்தோஷப்படக் கூடாது. சைக்கிளில் கடைசி கியரைப் போட்டுக்கிட்டு மேம்பாலம் ஏறுற மாதிரி மோட்டார் திணறும். திணறுற மோட்டார் பேட்டரியிலிருந்து நிறைய கரன்ட் இழுக்கும், அத்தனையும் சூடாகும். போதாக்குறைக்கு டயரோட எடையும் கூடியிருக்கு, அதுவும் ஓரத்துல. ஒவ்வொரு தடவை நிறுத்தி எடுக்கும்போதும் அந்த எடையைச் சுழல வைக்கணும்.

இதுக்கு மருந்து சின்னது. மோட்டார் முனையில் பினியன்னு ஒரு குட்டிப் பல்சக்கரம் இருக்கும். என் வண்டியில் அதுக்கு 20 பல். அதைக் கழட்டிட்டு 16 பல் போட்டா டயரில் கூடின கால் பங்கு அப்படியே சரியாயிடும். சில நூறு ரூபாய்க்கு முடிஞ்சிருக்க வேண்டிய வேலை.

டயர் மாத்தணும்னு நினைக்கிறவங்க கவனிக்க வேண்டிய இன்னொரு இடம் நட்டுக்குப் பின்னாடி இருக்கு. இன்னைக்கு 1:10 அளவு வண்டிகள்ல பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் அறுகோணத் துண்டு ஒண்ணு ஆக்ஸிலில் இருக்கும், ஹெக்ஸ்னு சொல்வாங்க. ரிம்மோட பின்பக்கக் குழி அதுல போய் உட்காரும். இந்த ஒரு அளவு பொதுவானதாலதான் ஒரு கம்பெனி வண்டிக்கு இன்னொரு கம்பெனி சக்கரத்தை மாட்ட முடியுது. 1:8 வண்டின்னா 17 மில்லிமீட்டர். 80-களின் பழைய டமியா வண்டிகள் பலதுல இந்தப் பொருத்தமே கிடையாது, அடாப்டர் வாங்கித்தான் ஒட்டுப் போடணும். ஹெக்ஸ் சரியா இருந்தாலும் ரிம்மோட ஆழம் மாறினா டயர் வெளியே தள்ளி நிக்கும், திருப்பும்போது பாடியில உரசும். எனக்கும் உரசுச்சு. பாடியோட ஓரத்தைக் கத்தரிக்கோலால வெட்டி விட்டேன். சாண்ட்லர் பார்த்திருந்தா சிரிச்சிருப்பார்.

டயரை ரிம்மோட ஒட்ட ஃபெவிகுவிக் வகைப் பசைதான். ஒட்டினா ஒட்டினதுதான், பிரிக்கிறது நரகம். கல்லு மேல மெதுவா ஏறுற கிராலர் வண்டிக்காரங்க அதனால வளையம் வெச்சு ஸ்க்ரூவால இறுக்குற பீட்லாக் ரிம் போடுறாங்க. அடுத்த தடவை நானும் அதுக்குத்தான்.

1986-ல் சாண்ட்லர் பிக்ஃபுட் 5-னு ஒண்ணு கட்டினார். அதோட டயர் 10 அடி. 1950-களில் அமெரிக்க ராணுவம் அலாஸ்கா பனியில் ஓட்டிப் பார்த்த, ரயில் மாதிரி நீளமான ஒரு வண்டியோட டயர்கள் அவை. பழைய இரும்புக் கடையில் கிடந்ததை வாங்கி வந்து மாட்டியிருக்கார். கார் நசுக்கும் போட்டிக்கு அது லாயக்கில்லை, நின்னு பார்க்கத்தான்.

புது மோட்டாரும் 16 பல் பினியனும் மாட்டின அன்னைக்கு, அந்தப் படத்தை அக்கா பையனுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "மாமா, இதையே நம்ம வண்டி அளவுக்குச் செஞ்சா டயர் எவ்வளவு?"

"ஒரு அடி."

"அந்த சைஸ்ல எங்க கிடைக்கும்?"