ஜெஃப்ரியின் அறை

‘எ ரேஸ்ற் ஒஃப் ஹனி’ படத்தை நான் முதலில் பார்த்தது மாலை வகுப்பொன்றில். பிரித்தானிய யதார்த்தவாத சினிமா என்பது பாடம். 1961இல் ரொனி றிச்சர்ட்சன் இயக்கிய படம். ஷீலா டிலேனியின் நாடகத்திலிருந்து வந்தது. சல்ஃபோர்ட்டின் தொழிலாளர் குடும்பத்துப் பெண் அவர். நாடகம் மேடையேறியபோது வயது 19. 1958 மே மாதம் அது அரங்கேறிய தியேட்டர் றோயல் எங்கள் ஈஸ்ற்ஹாமிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம்தான். மரக்கறிப் பையோடு எத்தனை முறை அதைத் தாண்டிப் போயிருப்பேன்!

அக்காலத்துப் பிரித்தானியப் படங்கள் பெரும்பாலும் ஸ்ரூடியோ செற்றுக்குள்ளேயே பிறந்தவை. இந்தப் படத்துக்கு ஒளிப்பதிவாளர் வோல்ரர் லசலி கமெராவை வெளியே கொண்டுபோனார். புகை படிந்து கறுத்த மான்செஸ்ரர் சிலைகள், கால்வாய், தெருவில் பாடி விளையாடும் பிள்ளைகள். ஒரு வேடிக்கை: ஜோ வாடகைக்கு இருக்கும் அந்த ‘சல்ஃபோர்ட்’ அறை உண்மையில் லண்டன் ஃபுல்ஹம் றோட்டில் இருந்தது. யதார்த்தத்துக்கும் கொஞ்சம் பொய் வேண்டியிருக்கிறது.

ஜோ பதின்ம வயதுப் பெண். கறுப்பினக் கப்பல் சமையற்காரன் ஒருவனால் கர்ப்பமாகிறாள். அவன் கப்பலேறிப் போய்விடுகிறான். அவளுக்குத் துணையாக வருபவன் ஜெஃப்ரி. இன்னோர் ஆணோடு இருந்ததைக் கண்டு வீட்டுக்காரி வெளியே தள்ளியதால் படுக்க இடமில்லாமல் நிற்பவன். சமைக்கிறான், கூட்டித் துடைக்கிறான், பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஆயத்தம் செய்கிறான். இந்த வேடத்துக்காக மறி மெல்வினும், ஜோவாக நடித்த றீற்றா துஷிங்ஹமும் 1962 கான் விழாவில் பரிசு பெற்றார்கள்.

அதே 1961இல் ‘விக்ரிம்’ வந்தது. நாயகன் வழக்கறிஞர், மிரட்டிப் பணம் பறிப்பவர்களை எதிர்த்துச் சட்டத்தோடு வாதாடும் படம். எனக்கு ஜெஃப்ரியே நெருக்கம். அவனிடம் வாதம் இல்லை, இன்றிரவு எங்கே படுப்பது என்ற கேள்விதான். ஆனாலும் ஒரு குறை சொல்லவேண்டும்: அவனுக்கு ஒரு காதலன் இருக்கலாம் என்பதைப் படம் ஒரு கணமும் காட்டத் துணியவில்லை.

ஆண்களுக்கிடையிலான உறவு குற்றமாக இருக்கக்கூடாதென்று வுல்ஃபென்டன் குழு 1957இலேயே சொல்லிவிட்டது. சட்டம் மாற 1967 ஆனது. அதுவும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 21 வயதானவர்களுக்கு, தனிமையில் மட்டும். மூன்றாவது ஆள் இருந்தால் அது தனிமையில்லை. தனி அறைக்கு வாடகை கட்ட முடிந்தவனுக்கான விடுதலை என்றுதான் நான் வாசிக்கிறேன். பிரித்தானியர் விட்டுப்போன தண்டனைச் சட்டத்தின் 365ஏ பிரிவு இலங்கையில் அதற்குப் பிறகும் அப்படியே கிடந்தது.

தொண்ணூறுகளில் நாங்கள் எட்டுப்பேர் இரண்டு அறைகளில் இருந்தோம். ஒரு பெடியனைப் பற்றிக் கதை வந்தது. ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. இந்தக் கிழமைக்குள் வேறு இடம் பார் என்று மட்டும் சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. பஸ் தரிப்புவரை அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அதை அப்போது உதவி என்றுதான் நினைத்தேன்.

படத்தின் முடிவில் ஜோவின் தாய் திரும்பி வருகிறாள். ஜெஃப்ரிக்கு அங்கே இடமில்லை. வெளியே கைஃபோக்ஸ் இரவு, பிள்ளைகள் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். ஜோவின் கையில் மத்தாப்பு எரிகிறது. ஜெஃப்ரி இருட்டில் நின்று பார்த்துவிட்டுப் போகிறான். வகுப்பில் அந்தக் காட்சியின் ஒளியமைப்பைப் பற்றிக் கேட்டார்கள். அதைப் பற்றி மட்டும் எழுதிக் கொடுத்தேன்.