வாலுப் பயல்களுக்கு வயதாவதில்லை

"நீதான் படம் போடற ஆளாச்சே! மலருக்கு அதைப் பத்தியே எழுதிக் கொடுத்துடுப்பா" என்று மலர்க் குழு நண்பர்கள் அன்புக் கட்டளை இட்டுவிட்டார்கள். பொருள் தேடி நான் அலையவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு, தகரப் பெட்டியில் கிடந்த பழைய படங்களைத் தரம் பிரித்து அடுக்கி வருகிறேன். பத்திரிகைகளில் இருந்து வெட்டிச் சேர்த்தவை ஒரு கட்டு. நான் வரைந்து பத்திரிகைகளுக்கு அனுப்பித் தபாலில் திரும்பி வந்தவை ஒரு கட்டு. கல்வராயன் மலையில் ஓவிய ஆசிரியராக இருந்தபோது பிள்ளைகள் வரைந்து தந்தவை இன்னொரு கட்டு. மூன்றிலும் பெரும்பங்கு சேட்டைக்காரப் பயல்கள்தான்! அவர்களுடைய வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

மூதாதையர்

ஜெர்மனியில் வில்ஹெல்ம் புஷ் என்பவர் 1865-ல் பாட்டும் எழுதிப் படமும் வரைந்து வெளியிட்ட 'மாக்ஸ், மோரிட்ஸ்' என்ற இரண்டு பயல்களை இந்தப் பரம்பரையின் பாட்டன்மார் எனலாம். மொத்தம் ஏழு சேட்டை. கடைசியில் இருவரும் மாவு மில்லில் அரைபட்டு வாத்துகளுக்கு இரையாகிறார்கள். வாலாட்டினால் இதுதான் கதி என்று பெரியவர்கள் நீதி சொன்னார்கள். பிள்ளைகளோ நீதியை விட்டுவிட்டுச் சேட்டையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

இவர்களைப் பார்த்துத்தான் ரூடால்ஃப் டர்க்ஸ் என்ற ஓவியர், 1897 டிசம்பர் 12-ல், நியூயார்க் பத்திரிகை ஒன்றின் ஞாயிறு இணைப்பில் 'காட்சன்ஜாமர் கிட்ஸ்' தொடரை ஆரம்பித்தார். ஹான்ஸ், ஃபிரிட்ஸ் என்ற அந்த இருவரும் செம உதை வாங்குவார்கள். ஆனால் சாக மாட்டார்கள். வாரா வாரம் வரும் பத்திரிகையில் பயலைத் தீர்த்துக்கட்டிவிட்டால் அடுத்த வாரம் யாரை வைத்துச் சிரிக்க வைப்பது? வாலுப் பயல்களுக்கு வயதாகாமல் போனதற்கு இதுதான் காரணம். பத்திரிகை கொடுத்த வரம் அது.

1951 மார்ச் மாதம் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் ஹாங்க் கெட்சம் தன் மகன் டென்னிஸின் பெயரிலேயே 'டென்னிஸ் தி மெனஸ்' தொடங்கினார். அதே மாதம், ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமலே, பிரிட்டனின் 'பீனோ' இதழிலும் அதே பெயரில் இன்னொரு வாலு பிறந்தான்!

பயல் யார் வீட்டுப் பிள்ளை?

டர்க்ஸ் பின்னாளில் தன் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்டுடன் மனஸ்தாபப்பட்டு வெளியேறினார். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. தொடரின் பெயர் பத்திரிகைக்கே சொந்தம், ஆனால் அந்தப் பயல்களை வேறு பெயரில் வரைய டர்க்ஸுக்கு உரிமை உண்டு என்று முடிவாயிற்று. அதனால் ஒரே பயல்கள் இரண்டு போட்டிப் பத்திரிகைகளில், இரண்டு ஓவியர் கைகளில், பல ஆண்டு காலம் சேட்டை செய்தார்கள். பாகப் பிரிவினையில் வீட்டைப் பிரிப்பார்கள், நிலத்தைப் பிரிப்பார்கள். பிள்ளைகளே இரட்டிப்பானது அங்கேதான்!

நம் பக்கத்து மாநிலத்திலும் இது நடந்தது. குட்டநாட்டுக்காரரான டாம்ஸ் (வி.டி. தாமஸ்), பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரை மாதிரியாக வைத்து, அவர்கள் பெயரையே சூட்டி, 'போபனும் மோளியும்' வரைந்தார். 1957 முதல் மலையாள மனோரமா வார இதழில் வந்தது. வாசகர்கள் இதழை வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்களாம். 1987-ல் அவர் மனோரமாவை விட்டு வெளியேறி வேறு பத்திரிகையில் வரையப் போனபோது, உரிமை யாருக்கு என்று வழக்கு எழுந்தது. வேலைக்குச் சேரும் முன்பே தான் படைத்த பாத்திரங்களைத் தொடர்ந்து வரைவதற்கு ஓவியருக்குத் தடையில்லை என்றது கேரள உயர் நீதிமன்றம். 2016-ல் டாம்ஸ் காலமானார். போபனுக்கும் மோளிக்கும் இன்னும் பள்ளிக்கூட வயதுதான்.

நம்ம ஊர் வாலுகள்

தமிழில் இந்த வரிசைக்கு வித்திட்டவர் விகடன் ஓவியர் மாலி. அவர் கைபிடித்து வந்த கோபுலு, வசனமே இல்லாமல் படத்தாலேயே சிரிக்க வைத்தார். பின்னர் வந்த மதன், 'ரெட்டைவால் ரெங்குடு'வை விகடனில் உலவவிட்டார். அந்த நாளில் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்து போன எங்கள் கோஷ்டியில் ஒரு இதழ் ஏழெட்டுக் கை மாறும். அட்டை கிழிந்துதான் முதல் ஆளிடம் திரும்பும். கிளாஸில் யார் சேட்டை பண்ணினாலும் அவனுக்கு "ரெங்குடு" என்றே பெயர். படிக்கிற உங்களில் இரண்டு மூன்று பேர் இப்போது சிரித்திருப்பீர்கள்!

கடைத்தெருவில் இன்னொருவன் இருந்தான். ஆர்.கே. லக்ஷ்மண் 1954-ல் ஏஷியன் பெயின்ட்ஸுக்காக வரைந்த கட்டு. கையில் பிரஷும் பெயின்ட் டப்பாவுமாக, நெற்றியில் முடி விழ, பெயின்ட் கடைக்குக் கடை நின்றான். அவனைப் பார்த்துப் பார்த்து வரைந்துதான் என் கை பழகியது. 2000-க்குப் பிறகு கம்பெனி அவனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது.

நம்ம சுப்பாண்டியை மறக்கலாமா? திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய நாட்டுப்புறக் கதையில் இருந்து 1983-ல் 'டிங்கிள்' ஆங்கில இதழில் அவன் பிறந்தான். உருவம் கொடுத்தவர் ராம் வாயீர்கர். வாண்டுமாமா ஆசிரியராக இருந்த 'பூந்தளிர்' வழியே அவன் தாய்மொழிக்குத் திரும்பி வந்தான்.

மூலப் படம் சொல்லும் சேதி

அச்சில் வந்த படத்துக்கும் கையால் வரைந்த மூலப் படத்துக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அச்சாகும் அளவைவிடப் பெரிதாகத்தான் வரைவோம். சுருக்கும்போது கை நடுக்கம் மறைந்துவிடும். வெளிர் நீலப் பென்சிலில் கோடு போட்டு, மேலே இந்தியன் இங்க். அந்த நீலம் கேமரா ஃபிலிமில் விழாது. பிசகிய இடத்தில் வெள்ளை போஸ்டர் கலர் பூசித் திருத்துவோம். பிளாக் எடுத்த பிறகு மூலப் படத்தை யாரும் சட்டை செய்வதில்லை. பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போனவை எத்தனையோ! மூலப் படத்தைக் கையில் பிடித்தால்தான், ஒரு பயலின் புருவத்தை ஓவியர் மூன்று தடவை அழித்து வரைந்தது தெரியும். சேட்டை சுலபமாக வந்துவிடவில்லை என்பதும் தெரியும்.

மலைப் பிள்ளைகள்

ஜாகீர்தார்கள் கையில் இருந்த கல்வராயன் மலை 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அங்குள்ள மலையாளி இன மக்கள் (கேரளத்து மலையாளி வேறு, இவர்கள் வேறு) வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் எனக்கு வேலை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக, வசனமில்லாத சிரிப்புப் படங்களை வகுப்பில் ஒட்டி வைத்தேன். நன்றாகச் சிரித்தார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் கேட்டான்: "சார், இவன் வூட்ல ஆடே கெடையாதா? எந்நேரமும் சும்மாவே திரியறானே?"

நியாயமான கேள்வி. பத்திரிகை வாலுகள் எல்லாம் பட்டணத்துப் பிள்ளைகள். ஆடு மேய்க்கிற பயலுக்கும் வால் உண்டு, அது அச்சேறவில்லை. "அப்போ நீயே உன் சேட்டையைப் போடுடா" என்றேன். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கம் நிறைந்தது. சாமைக் காட்டில் காவலுக்குப் பரண் மேல் ஏறித் தூங்குகிறவன், கீழே விருந்து சாப்பிடும் கிளிகள். தேனடையோடு மரத்தில் ஒருவன், அடியில் உட்கார்ந்து கொட்டாவி விடும் வனக் காவலர். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸின் பின் ஏணியில் தொங்கும் நாலு பேர். நானும் இருக்கிறேன், மூக்கு மட்டும் அரைப் பக்கத்துக்கு!

டாம்ஸுக்கும் டர்க்ஸுக்கும் கோர்ட் இருந்தது. இந்தத் தாள்களுக்கு என் பெட்டியைத் தவிர வேறு இடமில்லை. ஓரம் பழுப்பேறிப் பொடியத் தொடங்கிவிட்டது. வரைந்த பிள்ளைகள் இன்று அப்பா அம்மா ஆகிவிட்டார்கள். அவர்கள் படத்தை அவர்கள் பிள்ளைகளிடம் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பெட்டியைப் பிரித்தேன். இதுவரை நாலு பேரைத் தேடிப் பிடித்துவிட்டேன். தேடல் தொடர்கிறது.

ஒரு வேண்டுகோள்

பக்கவாதத்தால் வலது கை முடங்கியபோது கோபுலு இடது கையால் வரையப் பழகினார். 2003-ல் ராம் வாயீர்கர் மறைந்த பிறகு அவர் மகள் அர்ச்சனா சுப்பாண்டியை வரைந்தார். கை மாறினாலும் பயல் பிழைத்துக்கொள்வான். தாள் அப்படியல்ல, போனால் போனதுதான்.

நாம் படித்தபோது நம்ம ஊர் தென்னார்க்காடு. 1993-ல் விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019-ல் கள்ளக்குறிச்சியே மாவட்டமாகிவிட்டது. விலாசம் மாறிய இத்தனை ஆண்டுகளில் விடுதிக் கையெழுத்துப் பத்திரிகைகள், சுவரொட்டிக் கேலிப் படங்கள், ஆட்டோகிராப் நோட்டுப் பொம்மைகள் எல்லாம் யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ! தேடி எடுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டாம். பின்பக்கம் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதி, அடுத்த சந்திப்புக்குக் கொண்டு வாருங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு, வரைந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

நமக்கு நரைத்துவிட்டது. நம் பயல்களுக்கு இன்னும் பத்து வயதுதான். அவர்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!