ஈயத்தின் இரு எடைகள்



ஒரு தனிமத்தின் அணுக்கள் யாவும் ஒரே எடையுடையன என்று 1808ஆம் ஆண்டில் டால்டன் எழுதினார். நூறாண்டுக்கு மேல் நிலைத்து நின்ற அக்கொள்கையை அசைத்த ஒரு கல்லின் வரலாற்றை இன்று கூற விழைகிறேன். இலங்கையில் கிடைத்த தோரைட்டு என்பதே அக்கல்.

யுரேனியம், தோரியம் முதலியவற்றின் அணுக்கருக்கள் தாமே சிதைவன. ஆல்பாத் துகளை இழக்கும் அணு, எடையில் 4 குறைந்து, தனிம அட்டவணையில் இரண்டு இடம் பின்செல்லும். பீட்டாத் துகளை இழப்பதோ ஓரிடம் முன்செல்லும். அதன் எடை ஏறத்தாழ மாறுவதில்லை. 1913இல் இவ்விதியை வகுத்தவர்களுள் ஒருவர் கிளாஸ்கோ நகரிலிருந்த பிரெடரிக் சாடி. எடையில் வேறுபட்ட அணுக்கள் அட்டவணையில் ஒரே இடத்தில் வந்து அமர்வதை அவர் கண்டார். அவற்றுக்கு ஐசோடோப்பு என்னும் பெயரை எடுத்துத் தந்தவர் மார்கரெட் டாட் என்னும் மருத்துவப் பெண்மணி. 'ஒரே இடம்' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

பெயர் சூட்டினால் போதுமா? சான்று வேண்டாமா? என்னுடன் சேர்ந்து கணக்கிட்டுப் பாருங்கள். தோரியத்தின் எடை 232, இடம் 90. அது படிப்படியாக ஆறு ஆல்பாவையும் நான்கு பீட்டாவையும் இழக்கிறது. எடையில் 24 போக எஞ்சுவது 208. இடமோ 12 பின்சென்று, 4 முன்வந்து, 82 ஆகிறது. அதுவே ஈயத்தின் இடம். அவ்வாறே 238 எடையுள்ள யுரேனியம் எட்டு ஆல்பாவை இழந்து, 206 எடையுள்ள ஈயமாகும். சாதாரண ஈயத்தின் எடை 207.2. ஆகவே தோரியக் கல்லின் ஈயம் கனத்தும், யுரேனியக் கல்லின் ஈயம் இலேசாகவும் இருத்தல் வேண்டும். இல்லையேல் சாடியின் கொள்கை வீழ்ந்துவிடும்.

1914இல் சாடியும் ஹைமன் என்பாரும் இலங்கைத் தோரைட்டிலிருந்து ஈயத்தைப் பிரித்து எடை கண்டனர், 208.4 என வந்தது. பின்வந்த நுட்பமான அளவைகள் அதனை 207.7க்குச் சற்று மேல் எனத் திருத்தின. கல்லில் சிறிது யுரேனியமும் கலந்திருந்ததால் அது 208ஐ எட்டவில்லை. எனினும் சாதாரண ஈயத்தினும் அது கனமானதே. அதே 1914இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட்ஸ் என்பவர் யுரேனியக் கனிமங்களின் ஈயம் இலேசானது என நிறுவினார். வேதியியல் இயல்பில் இரண்டும் ஈயமே. தராசில் மட்டும் வேறு வேறு.

சிதைவு ஈயத்தில் வந்து நிற்பது ஏன்? கருவிலுள்ள புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. நியூட்ரான்களும் சேர்ந்த அணுக்கரு விசை அவற்றைப் பிணைக்கிறது. 82 புரோட்டான்களும் 126 நியூட்ரான்களும் கூடிய ஈயக் கருவில் அப்பிணைப்பு உறுதியாக அமைந்துவிடுகிறது. நியூட்ரானைச் சாட்விக் கண்டறிந்தது 1932இல்தான். தராசோ அதற்கு முன்னரே தன் சான்றைக் கூறிவிட்டது.

1921ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபெல் பரிசு சாடிக்கு வழங்கப்பெற்றது. ஆயினும் என் மனத்தைக் கவர்வது அப்பரிசன்று. தம் கொள்கை பொய்யாகக்கூடிய இடத்தை முன்னரே சுட்டிவிட்டு, அவ்விடத்திலேயே தராசை நிறுத்திய நேர்மைதான். மாணவர்களே, அறிவியல் என்பது அதுவே.