வண்டுகள் குறித்து வைத்த வரலாறு

வரலாறு என்றாலே மன்னர்களும் போர்களும்தாம் என்று மாணவர்கள் எண்ணுகின்றனர். கல்வெட்டும் ஓலைச்சுவடியும் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலவிய குளிரையும் வெப்பத்தையும் குறித்து வைத்தவர் யார் என்று அவர்களிடம் வினவுவேன். வண்டுகள் என்பதே விடை!

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரசல் கூப் (1930–2011), 1950களில் அப்டன் வாரன் என்னும் ஊரின் சரளைக்கல் குழியில் பனியுகச் சேற்றை ஆராய்ந்தார். அதில் வண்டுகளின் தலைகளும் கடினமான மேற்சிறகுகளும் சிதையாமல் கிடந்தன. ஈரச் சேற்றில் காற்றுப் படாமல் புதைந்தமையால் அவை அழியவில்லை. சேற்றைச் சல்லடையில் அலசி, மண்ணெண்ணெய் கலந்து நீர் ஊற்றினால், வண்டுத் துண்டுகள் எண்ணெயோடு மேலே மிதந்து வரும். முறை இவ்வளவு எளியது.

அவ்வண்டுகள் அழிந்துபோன இனங்கள் என்றே முன்னர்ப் பலர் கருதினர். கூப் ஒப்பிட்டபோது, பெரும்பாலானவை இன்றும் வேறு நாடுகளில் வாழும் இனங்களாகவே இருந்தன. பனியுக இங்கிலாந்தில் மலிந்திருந்த ஒரு சாணவண்டு இன்று திபெத்தின் உயர்ந்த மேட்டுநிலத்தில் வாழ்கிறது என்பதை 1973இல் அவர் வெளியிட்டார். காலநிலை மாறியபோது வண்டுகள் உருமாறவில்லை; இடம்பெயர்ந்தன. எனவே, ஒரு சேற்றில் கிடைத்த இனங்கள் அனைத்தும் இன்று சேர்ந்து வாழத்தக்க வெப்பநிலை எதுவோ, அதுவே அச்சேறு படிந்த காலத்தின் வெப்பநிலை. அட்கின்சன், பிரிஃபா ஆகியோருடன் 1987இல் இம்முறையைக் கொண்டு 22,000 ஆண்டுக்கால வெப்பநிலையைக் கணித்தார்.

இங்குதான் சிக்கல் எழுந்தது. பனியுகத்தின் இறுதியில், ஏறத்தாழ 14,700 ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தில் மரங்கள் இல்லை என்றது மகரந்தச் சான்று. ஆகவே கடுங்குளிர் என்றனர். வண்டுகளோ, கோடை இன்றைய அளவுக்கு வெப்பமாக இருந்தது என்றன. எது உண்மை? வண்டு பறந்து விரைவில் வந்துவிடும். காடு பரவ நூற்றாண்டுகள் ஆகும். மரம் இல்லாமை குளிருக்குச் சான்றன்று. 1990களில் கிரீன்லாந்துப் பனிப்பாளங்களின் ஆய்வும் திடீர் வெப்ப உயர்வை உறுதிசெய்தது.

காலநிலை மெல்லத்தான் மாறும் என்னும் நம்பிக்கையை ஒரு சிறகுத் துண்டு தகர்த்தது. அன்று வண்டுகள் பிழைத்தமைக்குக் காரணம், அவை செல்லத் திறந்த நிலம் இருந்தமையே. இன்று வழியெங்கும் நகரங்களும் தோட்டங்களும் நிற்கின்றன. இனி அவை எங்கே செல்லும்? இவ்வினாவையும் மாணவர்முன் வைத்தல் நம் கடமை எனக் கருதுகிறேன்.