கணினியும் ஜங்கமப்பொருள் அத்துமீறலும்

ஜங்கமப்பொருள் அத்துமீறல் என்பது, பிறருக்குரிய அசையும் பொருளில் அனுமதியின்றித் தலையிட்டு, அதற்கோ அதன் உபயோகத்துக்கோ பங்கம் விளைவிப்பவனை நஷ்டஈட்டுக்கு உள்ளாக்கும் ஆங்கிலப் பொதுச்சட்டக் கோட்பாடாகும். மத்திய கால இங்கிலாந்தில் கால்நடைகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் கருதிப் பிறந்து, நாளடைவில் அருகிப்போன இக்கோட்பாடு, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நியாயஸ்தலங்களில், கணினிகளுக்கு அரணாகப் புத்துயிர் பெற்றது.

பிறர் நிலத்தில் அத்துமீறிக் கால்வைத்தாலே, சேதம் யாதும் இல்லாவிடினும், வழக்குத் தொடுக்கலாம். ஜங்கமப் பொருளுக்கோ நிரூபிக்கத்தக்க தீங்கு வேண்டும். பிறருடைய பெரிய நாயின் முதுகிலேறி அதன் காதை இழுத்த குழந்தை, நாய்க்கு ஊறு நேராதவரை பொறுப்பாளியாகாது என்று 1965-இல் வெளிவந்த அமெரிக்கத் தீங்கியல் சட்ட விளக்கநூல் திருஷ்டாந்தம் காட்டுகிறது. பின்னர் எழுந்த விவாதங்களுக்கெல்லாம் இவ்வேற்றுமையே மூலம்.

த்ரிஃப்டி-டெல் என்னும் தொலைபேசிக் கம்பெனியின் இரகசியக் குறியெண்களைக் கணினி கொண்டு தேடிய சிறுவர்களைப் பற்றிய வழக்கில், மின் சமிக்ஞைகளும் அத்துமீறலுக்குப் போதிய ஸ்தூலத்தன்மை உடையனவே என்று காலிபோர்னியா மேல்முறையீட்டு நியாயஸ்தலம் 1996-இல் தீர்மானித்தது. சந்தாதாரர் சிலருக்கு இணைப்பே கிட்டாமற் போனமையால் அங்கே தீங்கு பிரத்தியட்சமாயிருந்தது. மறு ஆண்டில், கம்ப்யூசர்வ் என்னும் இணையச்சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர்மீது விளம்பர அஞ்சல்களைக் குவித்த கம்பெனியை ஒஹையோவின் கூட்டாட்சி நியாயஸ்தலம் தடுத்தது. ஈபே ஏலத்தளத்தைத் தானியங்கி நிரல்களால் நாள்தோறும் ஏறக்குறைய 1,00,000 முறை துழாவிய பிடர்ஸ் எட்ஜ் என்னும் ஏலவிவரத் திரட்டு நிறுவனத்தின்மீது 2000 மே மாதத்தில் தடையுத்தரவு பிறப்பித்த நீதிபதி ரொனால்ட் வைட், நேர்ந்த பாரம் சொற்பமேயெனினும், பிறரும் அவ்வாறே புகுந்தால் கணினிகள் தளர்ந்துபோகும் என்ற அனுமானத்தைப் பிரதானமாகக் கொண்டார். நிகழ்ந்த தீங்கின் ஸ்தானத்தில் நிகழக்கூடிய தீங்கை அமர்த்திய இத்தீர்ப்பில், கோட்பாடு தன் எல்லையைக் கடந்துவிட்டதென்றே கொள்ளவேண்டும்.

எல்லையை மீட்டது இன்டெல் எதிர் ஹமிடி வழக்கு. இன்டெல்லின் முன்னாள் பொறியாளரான ஹமிடி, கம்பெனியின் ஊழியக் கொள்கைகளைக் கண்டித்து, 21 மாதங்களில் ஆறுமுறை ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு மின்னஞ்சல் விடுத்தார். காப்பு எதையும் உடைத்தாரில்லை. வேண்டாமென்றோரின் முகவரிகளை நீக்கியும் வந்தார். கணினிகள் பழுதுறவுமில்லை, வேகம் குன்றவுமில்லை. வாசித்தோரின் நேரம் வீணாயிற்று என்பதே கம்பெனியின் முறையீடு. கீழ் நியாயஸ்தலங்கள் அதனை ஏற்றபோதிலும், 2003 ஜூனில் காலிபோர்னியா உச்ச நியாயஸ்தலம், நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில், நீதிபதி வெர்டெகரின் வாயிலாக அதனை நிராகரித்து, செய்தியின் பொருளால் விளையும் மனச்சஞ்சலம் கணினிக்கு நேர்ந்த சேதமாகாது என்று தெளிவாக்கியது. எதிர்ப்புத் தெரிவித்த மூவர் உடைமையாளனின் பூரண உரிமையை வற்புறுத்தினர். ஆயினும், இயந்திரம் பழுதுறாத இடத்தில் பேச்சையே தடுக்கும் கருவியாகச் சொத்துரிமை மாறவிடாமற் காத்தது பெரும்பான்மையின் தீர்ப்பேயாகும். தீங்கை நிரூபிக்க இயலாத வாதிகள் அதன்பின் 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கணினி மோசடிச் சட்டத்தையும், தளங்களின் உபயோக ஒப்பந்தங்களையும் நாடலாயினர்.