பூகன்வில் பெண்களின் சமாதானப் பணி

பப்புவா நியூ கினியின் கிழக்கு ஓரத்தில், சாலமன் தீவுகளை ஒட்டி இருக்கிறது பூகன்வில். 1988 இறுதியில் அங்கே மூண்ட உள்நாட்டுப் போர் 1998 வரை நீடித்தது. போரிலும் முற்றுகையிலுமாக 10,000 முதல் 20,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். துப்பாக்கிகளை ஓயவைத்ததிலும், பிறகு ஊர் ஊராகப் பகையைத் தீர்த்ததிலும் அத்தீவின் பழங்குடிப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

தாய்வழி நிலம்

பூகன்விலின் பெரும்பாலான சமூகங்களில் குலமும் நிலவுரிமையும் தாய்வழியே வருகின்றன. தெற்கே பூயின் வட்டாரம் போன்ற சில இடங்கள் மட்டுமே விலக்கு. நிலத்தைப் பற்றிச் சபையில் பேசுவது பெரும்பாலும் தாய்மாமனோ சகோதரனோதான். ஆனாலும் நிலத்துக்குக் காவல் குலத்துப் பெண்களே.

1960களில் இத்தீவை ஆஸ்திரேலியா நிர்வகித்தது. பாங்குனா மலையில் செம்பு எடுப்பதற்காக நிலங்களைக் கையகப்படுத்தியபோது அந்நாட்டு அதிகாரிகள் ஆண்களோடு மட்டும் பேசினார்கள். பெண்கள் பதில் சொன்ன இடம் கடலோர ஊரான ரோரோவானா. 1969 ஆகஸ்டில் அங்கே நிலஅளவைக் கற்களை நட்டபோது, பெண்கள் பாய்ந்து பிடுங்கினார்கள். போலீஸ் தடியடி நடத்தியது, கண்ணீர்ப்புகை வீசியது. அந்தப் படங்கள் ஆஸ்திரேலியச் செய்தித்தாள்களில் வெளியாகி அந்நாட்டையே உலுக்கின.

சுரங்கம் 1972இல் உற்பத்தியைத் தொடங்கியது. கழிவு ஜாபா ஆற்றை அடைத்தது. லாபத்தில் மிகச் சிறு துளியே நிலத்துக்காரர்களுக்கு வந்தது. 1987இல் உருவான புதிய நிலவுரிமையாளர் சங்கத்துக்குத் தலைவி பெர்பெச்சுவா செரெரோ, செயலாளர் அவருடைய உறவினர் பிரான்சிஸ் ஓனா. அடுத்த ஆண்டு ஓனாவின் ஆட்கள் மின்கோபுரங்களைத் தகர்த்தார்கள். 1989 மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது. செரெரோவும் அதே ஆண்டில் இறந்துபோனார்.

போர்க்காலம்

1990இல் பப்புவா நியூ கினி அரசு தீவை முற்றுகையிட்டது. மருந்தும் எரிபொருளும் நின்றுபோயின. போகப்போகத் தீவு மக்களே இரண்டாகப் பிரிந்தார்கள்: ஒரு பக்கம் ஓனாவின் புரட்சிப் படை, மறுபக்கம் ராணுவத்தோடு சேர்ந்த எதிர்ப்புப் படை. ஒரே குலத்துப் பிள்ளைகள் எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். தாய்மார்கள் காட்டுக்குள் நடந்துபோய், ஆயுதத்தைக் கீழே போடச் சொல்லித் தங்கள் பிள்ளைகளிடம் மன்றாடினார்கள். போராளிகளால் தட்டமுடியாத பேச்சு அது.

தனித்தனி முயற்சிகள் மெல்ல அமைப்புகளாயின. 1992இல் ஹெலன் ஹகேனாவும் தோழிகளும் பூக்கா தீவில் ‘லெய்டானா நேஹான்’ அமைப்பைத் தொடங்கினார்கள். காட்டுப்பகுதிப் பெண்களைப் புரட்சிப் படைத் தளபதியின் மனைவி ஜோசபின் சிரிவி ஒன்றுதிரட்டினார். கத்தோலிக்கத் துறவி லொரெய்ன் கராசு பல திருச்சபைகளின் பெண்களை ஒரே மன்றத்தில் சேர்த்தார். 1996 ஆகஸ்டில் அந்த மன்றம் அராவா நகரில் கூட்டிய சமாதான மாநாட்டுக்குச் சுமார் 700 பெண்கள் வந்தார்கள். போர் நடந்துகொண்டிருக்கும்போதே அணிக் கோட்டைத் தாண்டி வந்தவர்கள் அவர்கள்.

பேச்சுவார்த்தை

1997 ஜூலையில் நியூசிலாந்தின் பர்ன்ஹாமில் பேச்சு தொடங்கியது; அக்டோபரில் போர் ஓய்வு வந்தது. 1998 ஜனவரியில் அதே நாட்டின் லிங்கனில் உடன்பாடு கையெழுத்தானபோது பெண்கள் சுமார் 50 பேர் அங்கே இருந்தார்கள். நிலத்தின் காவல் குலவழியே தங்களிடம் இருப்பதால், அரசியல் நடவடிக்கையின் ஒவ்வொரு கட்டத்திலும் பெண் தலைவர்களைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று தனி அறிக்கை தந்தார்கள். அதன் பிறகும் 2001 ஆகஸ்ட் 30 அன்று முடிந்த சமாதான ஒப்பந்தம் வரையிலான பேச்சுகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஆண்களே. ஊரைச் சமாதானத்துக்கு அழைத்துவந்தவர்களை மேசையின் ஓரத்தில் உட்காரவைத்தது அநியாயம்.

சமாதானக் கல்வி

கையெழுத்துக்குப் பிறகுதான் நீண்ட வேலை தொடங்கியது. வன்கொடுமைக்கு ஆளான பெண்களும், பள்ளியே பார்க்காமல் வளர்ந்த இளைஞர்களும், வீட்டில் காய்ச்சும் சாராயமும் அடிதடியும் போர் விட்டுச்சென்றவை. லெய்டானா நேஹான் பயிற்சி தந்த ஆண், பெண் தன்னார்வலர்கள் கிராமங்களுக்கும் பள்ளிகளுக்கும் போய், குடும்ப வன்முறை, குடி, மனக்காயம், பிணக்குத் தீர்த்தல் ஆகியவற்றைப் பற்றிப் பேசினார்கள். 2001இல் இவ்வமைப்புக்குப் பெண்களுக்கான மில்லேனியம் சமாதான விருது கிடைத்தது.

ஊர்களில் பழைய வழக்கங்களும் உதவின. கொன்றவரின் தரப்பு முதலில் சிறு ஈடு கொடுத்து, இழந்தவர்களின் கோபத்தை ஆற்றும் சடங்குக்கு ‘பெல் கோல்’ என்று பெயர். அது முடிந்தால்தான் பேச்சுக்கே இடம். முழுச் சமாதானத்தின்போது வில்லையும் அம்பையும் முறிப்பார்கள், பன்றி அடித்து விருந்து வைப்பார்கள், நேற்றுவரை எதிரிகளாக இருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பாக்கு மெல்லுவார்கள்.

இன்றைய நிலை

சமாதான ஒப்பந்தத்தைத் தொடர்ந்து வந்த பூகன்விலின் 2004ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தன்னாட்சிச் சபையில் பெண்களுக்கு 3 இடங்களை ஒதுக்கியது. 2015இல் ஜோசபின் கெட்ஸி பொதுத் தொகுதியில் வென்ற முதல் பெண் ஆனார். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சியின் ஒவ்வொரு வார்டிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அதே ஒப்பந்தப்படி நடந்த 2019 பொதுவாக்கெடுப்பில் சுமார் 98 சதவீதம் பேர் தனிநாட்டுக்கு வாக்களித்தார்கள். பாங்குனா சுற்றுவட்டாரத்தில் வளர்ந்த தியோனிலா ரோகா மாட்போப் 2020இல் சபைக்குத் தேர்வானார். சுரங்கக் கழிவால் பாதிக்கப்பட்ட 156 பேர் சார்பில், அதே ஆண்டு அவர் சுரங்கத்தின் முன்னாள் உரிமையாளரான ரியோ டின்டோ நிறுவனத்தின் மீது ஆஸ்திரேலிய அரசிடம் முறையீடு செய்தார். அதைத் தொடர்ந்து நடந்த சுயேச்சையான ஆய்வின் அறிக்கை 2024 டிசம்பரில் வெளிவந்தது.